சீனத் தொண்டு அமைப்புகள்: பணக் கணக்கு வெளியாகிறது, பலன் கணக்கு?

தாமரை
எல்லோருக்கும் வணக்கம். சமூகப்பணி முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். சீனாவில் உள்ள தொண்டு அமைப்புகள் தங்கள் திட்டங்களை எப்படிக் கண்காணிக்கின்றன, எப்படி மதிப்பிடுகின்றன என்பதுதான் ஆய்வேட்டுக்கு எடுத்திருக்கும் பொருள்.

குழப்பம் இதுதான். அங்கே பதிவான சமூக அமைப்புகள் ஏறக்குறைய 9 லட்சம். அறக்கட்டளைகள் மட்டுமே 9,000க்கு மேல். 2016 இல் அறக்கொடைச் சட்டம் வந்துவிட்டது. 2018 இல் தகவல் வெளியீட்டுக்கென்றே தனி விதிகள் வந்தன. அரசே அமைப்புகளுக்கு ஒரு ஏ முதல் ஐந்து ஏ வரை தரம் கொடுக்கிறது. இவ்வளவும் இருந்தும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பெரிய அமைப்பின் பெயர் சந்திக்கு வருகிறது. "மேம்பாட்டுக்கான பரிந்துரைகள்" என்ற அத்தியாயத்தில் "வெளிப்படைத்தன்மை கூட வேண்டும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு மேல் என்ன சொல்வது? களத்தில் இருந்தவர்கள் உதவுங்கள்.

சுந்தர்_ஹாங்காங்
தாமரை, 2008 இலிருந்து தொடங்குங்கள். அந்த ஆண்டு மே 12 அன்று சிச்சுவான் மாகாணத்தில் வென்ச்சுவான் நிலநடுக்கம். ஏறத்தாழ 69,000 பேர் இறந்தார்கள், இன்னும் 18,000 பேர் காணாமல் போனார்கள். சாதாரண மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். திரண்ட நன்கொடை 7,500 கோடி யுவானுக்கு மேல். சிங்குவா பல்கலைக்கழகப் பேராசிரியர் தெங் குவோஷெங் குழு அந்தப் பணத்தின் தடத்தைத் தேடிப் போனது. சுமார் 80 சதவீதம் கடைசியில் அரசுக் கணக்குகளில் போய்ச் சேர்ந்திருந்தது. கொடுத்தவர் நினைத்த பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பணம் போனதா, சாலைக்குப் போனதா என்று அவர் அறிய வழியே இல்லை.

2011 ஜூனில் ஓர் இளம்பெண் வெய்போ என்ற சீனச் சமூக ஊடகத்தில் சொகுசுக் கார், விலையுயர்ந்த கைப்பை எல்லாம் காட்டி, செஞ்சிலுவைச் சங்கத்தோடு தொடர்புள்ள நிறுவனத்தின் மேலாளர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். சங்கம் அடியோடு மறுத்தது. ஆனால் மக்கள் கேட்கத் தயாராக இல்லை. 2013 ஏப்ரலில் யாஆன் பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது செஞ்சிலுவைச் சங்கத்தின் வெய்போ பக்கத்தில் வசைதான் குவிந்தது. பணம் நடிகர் ஜெட் லீ தொடங்கிய ஒன் ஃபவுண்டேஷனுக்குப் போயிற்று. 30 கோடி யுவானுக்கு மேல் அதற்குச் சேர்ந்தது.

இந்த அடிகளுக்கெல்லாம் அரசும் அமைப்புகளும் கண்ட மருந்து ஒன்றுதான்: கணக்கை வெளியிடு. 2012 இல் சீன அறக்கட்டளை மையம் வெளிப்படைத்தன்மைக் குறியீடு தொடங்கியது. பிறகு 2016 சட்டம். பொதுமக்களிடம் நிதி திரட்டும் காலம் ஆறு மாதத்தைத் தாண்டினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நிலவரம் சொல்ல வேண்டும், முடிந்து மூன்று மாதத்துக்குள் முழுக் கணக்கும் வெளியாக வேண்டும். திட்டங்களுக்கும் இதே முறை. குடிமை விவகார அமைச்சகத்தின் "சீஷான் சோங்குவோ" (அறக்கொடைச் சீனா) தளத்தில் இதை யாரும் பார்க்கலாம்.

எல்லாம் நல்லதே. ஆனால் கவனியுங்கள், இவை அனைத்தும் பணத்தைத் துரத்துகின்றன. பணம் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று இவற்றில் எதுவும் கேட்பதில்லை. உங்கள் அத்தியாயம் அங்கே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

மெய்யப்பன்_தணிக்கை
சுந்தர் தம்பி சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். தணிக்கைத் துறையிலேயே இருந்தவன் என்பதால் மறுபாதிக்காகப் பேசுகிறேன். பணக் கணக்கை இவ்வளவு இளக்காரமாகத் தள்ளக் கூடாது.

2020 ஜனவரி வூஹானைப் பாருங்கள். ஹூபெய் மாகாணத்துக்கு வரும் நன்கொடைகளை ஐந்து அமைப்புகள் மட்டுமே வாங்கலாம் என்று அமைச்சகம் அறிவித்தது. எல்லாம் அரசு சார்ந்தவை. சரக்கு மலையாகக் குவிந்தது. மாத இறுதியில் ஹூபெய் செஞ்சிலுவைச் சங்கம் விநியோகப் பட்டியலை வெளியிட்டது. நோயாளிகள் நிரம்பி வழிந்த யூனியன் மருத்துவமனைக்கு 3,000 முகக்கவசம். கோவிட் சிகிச்சையில் முன்வரிசையில் இல்லாத ஒரு தனியார் மருத்துவமனைக்கு 16,000. பிறகு அந்த எண்ணிலும் வகையிலும் பிழை என்று திருத்தம் போட்டார்கள். பட்டியல் வந்த சில மணி நேரத்தில் நாடே அதைப் பிடித்துக்கொண்டது. மாகாணச் சங்கத்தின் துணைத் தலைவர் பதவி போயிற்று. கிடங்கு வேலை ஜியூசோதோங் என்ற மருந்து விநியோக நிறுவனத்தின் கைக்கு மாறியது. பொருள் நகரத் தொடங்கியது.

அந்தப் பட்டியல் வெளியாகாமல் இருந்திருந்தால்? கவசம் இல்லாமல் நின்ற மருத்துவர்களுக்குக் கேட்பதற்கு ஆதாரமே இருந்திருக்காது. மதிப்பீட்டு அறிக்கை ஓராண்டு கழித்து வரும். பட்டியல் அன்றைக்கே வேலை செய்தது.

இன்னொன்று, இலவச மதிய உணவுத் திட்டம். பத்திரிகையாளர் தெங் ஃபெய் 2011 ஏப்ரலில் தொடங்கியது, குய்சோ மலைப் பள்ளிகளில். ஒரு சாப்பாட்டுக்கு 3 யுவான். சேரும் ஒவ்வொரு பள்ளியும் வெய்போவில் கணக்குத் திறந்து, அன்றன்று எத்தனை பேர் சாப்பிட்டார்கள், அரிசிக்கு எவ்வளவு, முட்டைக்கு எவ்வளவு என்று போட வேண்டும். ஊர்க்காரன் எவனும் பார்த்து "நம்ம சந்தையில் முட்டை விலை இது இல்லையே" என்று கேட்க முடியும். அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு 680 மாவட்டங்களில் 2.6 கோடி மாணவர்களுக்கு நாளுக்கு 3 யுவான் சத்துணவு மானியம் அறிவித்தது. இதைவிடச் சிறந்த கண்காணிப்பு முறையை நான் பார்த்ததில்லை.

யாழினி
மெய்யப்பன் சார், மதிய உணவு உதாரணம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது ஏன் வேலை செய்தது என்று பாருங்கள். தட்டில் உணவு விழுந்தாலே பாதி இலக்கு நிறைவேறிவிடுகிறது. பசித்த பிள்ளை சாப்பிட்டது, அதுவே பலன். எல்லாத் திட்டமும் அப்படி இல்லையே.

கண்ணாடித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கான்சு, ஷான்சி மாகாணங்களில் 252 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வு. ஸ்டான்ஃபோர்டும் சீன ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்த குழு. 2014 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கிட்டத்தட்ட 20,000 பேரைப் பரிசோதித்ததில் 3,177 பேருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியில் இலவசக் கண்ணாடி கொடுத்தார்கள். கணக்குப் பாடத்தில் மதிப்பெண் கூடியது. பெற்றோரின் படிப்பு, குடும்ப வசதி ஆகியவற்றால் வரும் வித்தியாசத்தைவிட அந்த உயர்வு பெரிது.

எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு. இலவசக் கண்ணாடி வாங்கிய பிள்ளைகளிடம் "போடுகிறாயா?" என்று கேட்டால் 68 சதவீதம் பேர் "ஆமாம்" என்றார்கள். வகுப்பில் போய்ப் பார்த்தபோது போட்டிருந்தவர்கள் 41 சதவீதம்.

இப்போது சொல்லுங்கள். தணிக்கையாளர் வந்து பார்த்தால் என்ன இருக்கும்? கண்ணாடி வாங்கிய பில் சரி, பெற்றுக்கொண்ட கையெழுத்து சரி, புகைப்படம் சரி. நூற்றுக்கு நூறு. கண்ணாடி பெட்டிக்குள் கிடப்பது எந்த ரசீதிலும் தெரியாது. சொல்லாமல் போய் வகுப்பறைக் கதவருகே நின்று எண்ணினால்தான் தெரியும்.

மெய்யப்பன்_தணிக்கை
நியாயமான பேச்சு, யாழினி. ஆனால் சின்ன அமைப்பு அதைச் செய்யக் காசுக்கு எங்கே போகும்? பொது நிதி திரட்டும் அறக்கட்டளைகளின் நிர்வாகச் செலவு 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டமே சொல்கிறதே.

சுந்தர்_ஹாங்காங்
சார், இதைத் தாமரை கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கேயே பல அமைப்புகள் இன்னும் தவறாகப் புரிந்து வைத்திருக்கும் இடம் இது.

2004 அறக்கட்டளை நிர்வாக விதிகள் கடுமையாகத்தான் இருந்தன: ஊழியர் சம்பளம், சலுகை, அலுவலகச் செலவு எல்லாம் சேர்ந்து ஆண்டுச் செலவில் 10 சதவீதம். களத்தில் நாள் முழுக்க அலையும் பணியாளர் சம்பளமும் அதற்குள்ளேதான். ஆகவே ஆளைக் குறைத்தார்கள், சம்பளத்தைக் குறைத்தார்கள், பார்வையிடப் போவதையே நிறுத்தினார்கள்.

2016 சட்டத்துக்குப் பிறகு, அதே ஆண்டு மூன்று துறைகள் சேர்ந்து வெளியிட்ட செலவு விதி இதை மாற்றிவிட்டது. திட்டத்தை நிர்வகிக்க ஆகும் பயணம், சரக்குப் போக்குவரத்து, பயிற்சி, தணிக்கை, மதிப்பீடு எல்லாம் அறப்பணிச் செலவு என்ற தலைப்பில் வரும். 10 சதவீத நிர்வாகக் கணக்கில் வராது. ஆக மதிப்பீட்டுக்குப் பணம் ஒதுக்கச் சட்டம் தடையில்லை.

தடை நன்கொடையாளர் மனத்தில் இருக்கிறது. செயலியில் பத்து யுவான் கொடுப்பவர், பத்தும் பிள்ளைக்கே போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். "இதில் அரை யுவான், உங்கள் பணம் பலித்ததா என்று பார்க்கச் செலவாகும்" என்று அவரிடம் சொல்லும் துணிச்சல் பெரும்பாலான அமைப்புகளுக்கு இல்லை. 2015 இல் டென்சென்ட் இணைய நிறுவனம் தொடங்கிய செப்டம்பர் 9 கொடைநாளில் இந்த நெருக்கடி இன்னும் கூடுகிறது. இணைநிதி, அதாவது மக்கள் கொடுப்பதோடு நிறுவனம் சேர்த்துக் கொடுக்கும் தொகை, தீர்வதற்குள் திரட்ட வேண்டும் என்று ஓடுகிறார்கள். கதை உருக்கமாக இருக்க வேண்டும், படம் நன்றாக இருக்க வேண்டும். அடிப்படை நிலை அளவீடு, அதாவது திட்டம் தொடங்கும் முன் நிலைமை எப்படி இருந்தது என்ற அளவு, பற்றி அந்தப் பக்கத்தில் யார் எழுதுவார்?

குமரன்_தி
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். அரசு ஐந்து ஏ தரம் கொடுக்கிறது என்றார்களே, அதுவும் மதிப்பீடுதானே? அது போதாதா?

யாழினி
குமரன், அது அமைப்பைப் பற்றிய மதிப்பீடு. 2011 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அடிப்படை நிலைமை, உள் நிர்வாகம், பணித்திறன், சமூகக் கருத்து என்று நான்கு தலைப்புகள். தரம் ஐந்தாண்டு செல்லும். மூன்று ஏ கிடைத்தால் அரசு ஒப்பந்தங்களில் முன்னுரிமை, நான்கு ஏ என்றால் ஆண்டு ஆய்வும் சுருக்கம். அதனால் எல்லோரும் அதைக் குறிவைத்துக் கோப்பு தயாரிக்கிறார்கள். வாரியக் கூட்டக் குறிப்பு இருக்கிறதா, விதிமுறைப் புத்தகம் இருக்கிறதா என்பதெல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால் ஒரு குறிப்பிட்ட ஊரில் ஒரு குறிப்பிட்ட திட்டம் பலித்ததா என்பதற்கு அதில் விடை தேடக் கூடாது.

திட்ட அளவிலான மதிப்பீட்டுக்கு குவாங்சோ நகரத்தைப் பாருங்கள். அங்கே குடும்ப ஒருங்கிணைந்த சேவை மையங்களை அரசு தொண்டு அமைப்புகளிடம் ஒப்பந்தம் விட்டது. மையத்துக்கு ஆண்டுக்கு 20 லட்சம் யுவான், 20 ஊழியர்கள். இடைக்காலம், இறுதி என்று வெளியார் மதிப்பீடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அளவுகோல் என்ன? எத்தனை மணிநேரச் சேவை, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை வீட்டுப் பார்வை. ஒவ்வொன்றுக்கும் படிவம், கையெழுத்து, படம். மதிப்பீட்டு நாள் நெருங்கினால் சமூகப் பணியாளர்கள் வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டுக் கோப்பு கட்டுகிறார்கள். இது அந்தத் துறையில் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லும் குறை. தனியாக இருக்கும் ஒரு மூதாட்டியிடம் ஒரு பிற்பகல் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தால் ஒரு எண். மண்டபத்தில் முப்பது பேரைக் கூட்டி இனிப்பு கொடுத்தால் முப்பது எண். பணியாளர் எதைத் தேர்ந்தெடுப்பார்? அளவுகோலே அவரை மூதாட்டியிடமிருந்து விலக்குகிறது. எனக்கு இதை நினைத்தால் வேதனையாக இருக்கும்.

தாமரை
யாழினி அக்கா, நான் இப்போது எழுதி வைத்திருக்கும் பரிந்துரையே "வெளியார் மதிப்பீட்டைக் கட்டாயமாக்க வேண்டும்" என்பதுதான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதுவே சுமையாகிவிடுமோ?

சுந்தர்_ஹாங்காங்
வெளியார் வருவதில் கெடுதல் இல்லை. அவர் யாரிடம் கேள்வி கேட்கிறார் என்பதில்தான் எல்லாம். வசந்த மொட்டுத் திட்டத்தில் நடந்ததைப் பாருங்கள்.

1989 இல் தொடங்கிய திட்டம். பள்ளியை விட்டு நிற்கும் ஏழைப் பெண்பிள்ளைகளைப் படிக்க வைப்பது. அனைத்துச் சீன மகளிர் கூட்டமைப்பைச் சார்ந்த சிறுவர் நிதியம் நடத்துகிறது, முப்பதாண்டுப் பெயர் அதற்கு. 2019 டிசம்பரில் ஒரு நன்கொடையாளர் பயனாளிகள் விவரத்தைப் பார்த்தபோது அதில் 19 வயதுப் பையன் இருந்தான். நிதியம் தந்த விளக்கத்திலேயே அந்த முறை உதவி பெற்ற 1,267 மாணவர்களில் 453 பேர் பையன்கள் என்று வந்தது. உதவி போன வட்டாரத்தில் பையன்களும் மிக ஏழ்மையில் இருந்ததால் சேர்த்தோம் என்றார்கள்.

அந்தப் பையன்கள் ஏழைகள்தான், அதில் சந்தேகமில்லை. பணத்தை யாரும் சுருட்டவில்லை. ஆனால் "பெண்பிள்ளைகளுக்கு" என்று சொல்லி வாங்கிய பணம். கொடுத்தவர்களிடம் சொல்லாமல் நோக்கத்தை மாற்றிவிட்டார்கள். வழியில் ஒரு கண்காணிப்பு முறை இருந்திருந்தால், "தகுதிப் பட்டியலில் இத்தனை பேர் பெண்கள், இத்தனை பேர் ஆண்கள்" என்ற ஒரே வரி மாதாமாதம் மேலே போயிருந்தால், வாரியம் அன்றே முடிவெடுத்திருக்கும். நிறுத்தியிருக்கலாம், அல்லது பையன்களுக்கென்று தனியாக நிதி கேட்டிருக்கலாம். எளிய எண்ணிக்கை அது. பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

இதோடு ஒன் ஃபவுண்டேஷனுக்கு 2014 இல் நடந்ததையும் சேர்த்துப் படியுங்கள். யாஆன் பணத்தைச் சுருட்டிவிட்டார்கள் என்று இணையத்தில் பரவியது. உண்மை என்னவென்றால் அதுவரை ஒரு சிறு பகுதிதான் செலவாகியிருந்தது, ஏனென்றால் மறுகட்டுமானம் பல ஆண்டு வேலை என்று திட்டமிட்டிருந்தார்கள். மெதுவாகச் செய்ததே குற்றமாகப் பார்க்கப்பட்டது. செலவான தொகையை மட்டும் பார்த்துப் பழகிய மக்களுக்கு, செலவாகாத தொகை திருட்டாகத் தெரிகிறது. இதற்கு அமைப்புகளும் பொறுப்பு. முதல் நாளிலேயே "முதலாண்டு இவ்வளவு, மூன்றாமாண்டு இவ்வளவு, இதை இப்படி அளப்போம்" என்று சொல்லிப் பழக்க வேண்டும்.

குமரன்_தி
எல்லாம் சரி. ஆனால் அடிப்படைக் கேள்வி ஒன்று. சுதந்திரமான பத்திரிகையும் எதிர்க்கட்சியும் இல்லாத நாட்டில் பொறுப்புக்கூறல் என்று எதைப் பேசுவது? மேலிடம் திருப்தியானால் போதும் என்றுதானே எந்த அமைப்பும் நடக்கும்?

யாழினி
தவிர்க்க முடியாத கேள்வி, குமரன். மறைக்காமல் சொல்கிறேன். அங்கே ஒரு அமைப்பு பதிவாக நீண்ட காலம் இரட்டை மேலாண்மை இருந்தது: பதிவுத் துறை ஒன்று, பொறுப்பேற்கும் அரசுத் துறை ஒன்று. சில வகைகளுக்கு அது தளர்ந்தாலும் மேல்நோக்கிப் பதில் சொல்லும் பழக்கம் ஆழமாக ஊறியிருக்கிறது. 2017 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த வெளிநாட்டு அமைப்புகள் சட்டம் அவற்றைக் காவல் துறையின் கண்காணிப்பில் வைத்தது. லாக்ஃப்ரேம் (திட்டத்தின் இலக்குகளையும் அவற்றை அளக்கும் விதத்தையும் ஒரே அட்டவணையில் வைப்பது), பங்கேற்பு மதிப்பீடு (பயனாளிகளும் சேர்ந்து மதிப்பிடுவது) போன்றவை யுன்னான் போன்ற மாகாணங்களுக்கு வந்ததே 1990களில் வெளிநாட்டு நிதியோடுதான். அந்த நிதி சுருங்கியபோது அந்தப் பயிற்சியும் சுருங்கியது. உள்நாட்டு நன்கொடை அதைவிடப் பல மடங்கு பெரிதாக வளர்ந்தது, ஆனால் அது கேட்கும் கேள்வி வேறு.

பயனாளிகளிடமிருந்து புகார் வாங்குவதும் அங்கே எளிதல்ல. ஒரு கிராமத்தில் பத்துப் பேர் சேர்ந்து குறை சொன்னால் உள்ளூர் அதிகாரிக்கு அது வேறு மாதிரித் தெரியும். அமைப்பு அந்த அதிகாரியின் தயவில்தான் அங்கே வேலை செய்கிறது.

ஆனாலும் "அப்படியானால் ஒன்றும் செய்ய முடியாது" என்பதை நான் ஏற்க மாட்டேன். வூஹான் பட்டியலைக் கேள்வி கேட்டவர்கள் சாதாரண மக்கள். வசந்த மொட்டு விவகாரத்தை வெளியே கொண்டுவந்ததும் அப்படிப்பட்டவர்களே. 2023 செப்டம்பரில், ஓர் அறக்கட்டளை மூலம் இணைநிதி கிடைக்கும் என்று நம்பிப் பணம் கட்டி ஏமாந்த நோயாளிக் குழந்தைகளின் பெற்றோர் வெளியே பேசினார்கள். அமைச்சகம் விசாரணையில் இறங்கியது. அந்தப் பெற்றோர் முன்பே நம்பிக்கையாகக் கூப்பிட்டு "இப்படி ஒருவர் பணம் கேட்கிறார், உண்மையா?" என்று விசாரிக்க அறக்கட்டளையில் ஓர் ஆள், ஓர் எண் இருந்து, அது மருத்துவமனைச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால் அவ்வளவு பேர் ஏமாந்திருப்பார்களா? இதற்கு அரசியல் மாற்றம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மெய்யப்பன்_தணிக்கை
இதில் யாழினியோடு நிற்கிறேன். தணிக்கையிலும் நாங்கள் பார்த்தது அதுதான். கணக்குப் புத்தகத்தில் வராத மோசடி பெரும்பாலும் ஒரு பயனாளி வாயிலிருந்துதான் வெளியே வரும். அவர் பேச ஒரு வழி வைத்திருக்க வேண்டும், பேசினால் உதவி நின்றுவிடாது என்ற உறுதியும் கொடுக்க வேண்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவது வீண்.

தாமரை
நிறையத் தெளிவு கிடைத்தது. அத்தியாயத்தைக் குறுக்கி, குய்சோ போன்ற மலை மாகாணத்தில் நான்கைந்து ஊழியர்களோடு பள்ளி நூலகம் நடத்தும் சிறு அமைப்பு ஒன்றைக் கற்பனையாக வைத்து எழுதலாம் என்று நினைக்கிறேன். அவர்களுக்குச் சொந்தமாகப் பொது நிதி திரட்டும் உரிமை இருக்காது, பெரிய அறக்கட்டளையின் கீழ் திரட்டுவார்கள். அவர்கள் உண்மையில் என்ன செய்ய முடியும்?

யாழினி
முதலில் எத்தனை புத்தகம் கொடுத்தோம் என்பதை முதல் பக்கத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். அது கணக்கில் இருக்கட்டும். கேட்க வேண்டியது: புத்தகம் வெளியே போகிறதா? இரவல் பதிவேடு ஒன்று போதும். பிள்ளைகளே எழுதலாம். பூட்டிய அலமாரியில் புதுப் புத்தகங்கள் கறைபடாமல் இருப்பது கிராமப் பள்ளிகளில் சகஜம், தொலைந்தால் தலைமையாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்குவதே திட்டத்தின் முக்கால் வேலை. "தொலைந்த புத்தகத்துக்குப் பள்ளி பொறுப்பல்ல" என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

தொடங்கும் முன் சில பள்ளிகளில் அடிப்படை நிலையை எடுக்க வேண்டும், புத்தகம் இன்னும் போகாத பள்ளிகள் சிலவற்றிலும் அதையே எடுக்க வேண்டும். எல்லாப் பள்ளிக்கும் ஒரே ஆண்டில் கொடுக்கப் பணம் இருக்காது, எப்படியும் வரிசை இருக்கும். அந்த வரிசையைக் குலுக்கலில் போட்டால் ஒப்பீடு தானாகக் கிடைக்கும். யாரும் "எங்களை ஏன் ஒதுக்கினீர்கள்" என்றும் கேட்க முடியாது.

சொல்லாமல் போகும் பார்வை பருவத்துக்கு ஒன்றாவது இருக்கட்டும். சுந்தர் அண்ணா, மேலே உள்ள அறக்கட்டளைக்கு அனுப்பும் அறிக்கை பற்றி நீங்கள் சொல்லுங்கள், அது உங்கள் பக்கம்.

சுந்தர்_ஹாங்காங்
சொல்கிறேன். நிதி கொடுக்கும் பக்கம் இருந்தபோது என் மேசைக்கு வந்த அறிக்கைகளில் பெரும்பாலானவற்றில் எல்லா இலக்கும் நூறு சதவீதம் நிறைவேறியிருக்கும். நான் அவற்றை நம்பியதில்லை. எழுதியவர் பொய்யர் என்பதால் அல்ல. குறை எழுதினால் அடுத்த ஆண்டு நிதி போய்விடும் என்று அவர் பயந்தார். அந்தப் பயத்தை உண்டாக்கியது நிதி கொடுக்கும் பக்கம். ஆகவே தாமரை, உங்கள் பரிந்துரைகளில் பாதியாவது அறக்கட்டளைகளுக்கு இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுக்கென்று தனி வரி, தனித் தொகை. பல அறக்கட்டளைகள் ஒரே அமைப்பிடம் வெவ்வேறு படிவம் கேட்பதை நிறுத்தி ஒரே படிவத்துக்கு ஒத்துப்போக வேண்டும். ஐந்து பேர் உள்ள அமைப்பில் ஒருவர் படிவம் நிரப்பவே பிறந்தவர் போல் ஆகிவிடுகிறார். ஒவ்வொரு அறிக்கையிலும் "இந்தப் பருவத்தில் எது சரியாக நடக்கவில்லை, என்ன மாற்றினோம்" என்ற பகுதியைக் கட்டாயமாக்கி, அதை நேர்மையாக எழுதியவருக்கு நிதி நீடிக்கும் என்று எழுத்தில் உறுதி தர வேண்டும்.

மதிப்பீட்டு முடிவு பள்ளிக்கும் திரும்பிப் போக வேண்டும். அந்த ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் படிவம் நிரப்புகிறார்கள், முடிவை ஒருவரும் அவர்களிடம் காட்டுவதில்லை. ஒரு பக்கத்தில், எளிய சீனத்தில், அவர்கள் பள்ளியின் எண்களோடு. சிறுபான்மை இன ஊர்களில் வாசித்துக் காட்ட ஒருவர் போக வேண்டும். இதைச் செய்கிற அமைப்புகளில் அடுத்த ஆண்டுத் தரவு தானாகவே நேர்மையாகிவிடும், பார்த்திருக்கிறேன்.

மெய்யப்பன்_தணிக்கை
தாமரை, இலவச உணவுப் பள்ளிகளின் தினக்கணக்கு முறையையும் நூலகத்துக்கு ஏற்றபடி சேர்த்துக்கொள். இரவல் பதிவேட்டின் படம் மாதம் ஒருமுறை பள்ளி வாசலிலும் ஒட்டப்பட வேண்டும், இணையத்தில் மட்டும் போட்டால் போதாது. பிள்ளைகள் பெயரை மறைத்துவிடு.

தாமரை
சேர்த்துக்கொள்கிறேன் சார். செலவு விதியையும் 2004, 2016 இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எழுதப் போகிறேன். வரைவு முடிந்ததும் இங்கேயே போடுகிறேன், யாழினி அக்கா குலுக்கல் பகுதியை மட்டும் ஒருமுறை பார்த்துத் தாருங்கள்.

யாழினி
போடு, பார்க்கிறேன். எத்தனை பள்ளிகள் என்ற எண்ணிக்கையை முதலில் முடிவு செய். இருபதுக்குக் கீழே போனால் குலுக்கலை விட்டுவிட்டு வேறு வழி யோசிப்போம்.